20 வளைவும் ஒரு சிப்பம் அரிசியும்

எங்கள் வீட்டு வண்டியின் டேங்கில் இன்னும் 'ஹீரோ ஹோண்டா' என்றுதான் எழுதியிருக்கிறது. 2006-இல் அப்பா வாங்கிய ஸ்பிளெண்டர் பிளஸ். அந்த இரண்டு கம்பெனிகளும் பாகம் பிரித்துக்கொண்டு 2011-இல் பெயர்ப் பலகையே மாறிவிட்டது. எங்கள் டேங்கின் மேல் மட்டும் கூட்டுக் குடும்பம் இன்னும் உடையவில்லை.

நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான், 29 வயதில். அதுவரை பஸ்சும் ஷேர் ஆட்டோவும் போதுமாக இருந்தன. காப்பிக்கொட்டை வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சேலம் டவுனில் இருந்த என்னை ஏற்காட்டு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். காலையில் பஸ் ஏறுவதில் சிக்கலில்லை. மாலையில் கணக்கை முடித்துவிட்டு வெளியே வந்தால், பஸ் எப்போது வரும் என்பது டீக்கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருக்கும். அப்பாதான் சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாரு கண்ணு, கீழ விழுந்தா எந்திரிச்சுக்கலாம்."

எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் கழித்து எட்டு போடப் போனேன். முதல் தடவை எட்டின் கழுத்தில் கால் ஊன்றிவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை போட்டுவிட்டேன். கையில் வந்த லைசென்ஸ் அட்டையைப் பார்த்தபோது ஒன்று விசித்திரமாகப் பட்டது. கியர் உள்ள இருசக்கர வண்டி என்று ஒரே ஒரு வகைதான். 97 சிசிக்கும் அதே அட்டை, 1,000 சிசிக்கும் அதே அட்டை. பிரிட்டனில் சின்ன வண்டிக்கு ஒரு லைசென்ஸ், நடுத்தர வண்டிக்கு ஒன்று, பெரிய வண்டிக்கு வேறொன்று என்று படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே படிக்கட்டே இல்லை. நேற்று எட்டு போட்டவர் இன்று எதை வேண்டுமானாலும் வாங்கலாம். 'உனக்கு இது பெரிது' என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். நாமே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

கன்னங்குறிச்சியில் கிளம்பி கோரிமேடு, செட்டிச்சாவடி, அடிவாரம். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். போக வர 60 கிலோமீட்டர். மாதத்துக்கு 1,500. இரண்டு வருடம் ஸ்பிளெண்டர் இதைச் செய்தது. முகம் சுளிக்காமல் செய்தது என்று சொல்லமாட்டேன், சுளிக்கத்தான் செய்தது. சுமார் 8 குதிரைத்திறன் உள்ள இன்ஜின் அது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. காற்று குறைந்தாலும் பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 15-ஆவது வளைவுக்கு மேல் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும், முதல் கியரில் உறுமும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். பின்னால் வரும் பெங்களூரு பதிவெண் கார்கள் ஹாரன் அடித்தே தள்ளிவிடப் பார்க்கும்.

ஆனால் ஏற முடியாததற்காக நான் புது வண்டி தேடவில்லை. இறங்கியபோது நடந்ததுதான் காரணம்.

யாரோ சொன்னார்கள் என்று நானும் கொஞ்ச நாள் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வந்தேன். பெட்ரோல் மிச்சமாம். கணக்கு எழுதுபவளிடம் மிச்சம் என்று சொன்னால் விடுவாளா? ஒரு மாலை 8-ஆவது வளைவுக்கு அருகில் கருகல் வாடை வந்தது. முன்னால் போன லாரியுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பின் பிரேக்கை மிதித்தால் கால் இறங்குகிறது, வண்டி நிற்கிற மாதிரி தெரியவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் அதுவும் பாதிதான் கேட்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கொட்டிக்கிடந்த மண் குவியலில் டயரை விட்டு நிறுத்தினேன். சுவருக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. இறங்கி நின்றபோது முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின.

கோரிமேட்டு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோனேன். வீல் டிரம்மில் தண்ணீர் தெளித்தார், சுர்ரென்றது. "நியூட்ரல்ல வந்தியாம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "எந்த கியர்ல ஏறுறியோ அதுலயே எறங்கணும். இன்ஜின் புடிச்சு நிறுத்துறதை இந்த ரெண்டு ஷூ எப்படிப் புடிக்கும்?" பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி மின்னியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல்தான். நானும் பையும் ஸ்பிளெண்டரும் சேர்ந்து 170 கிலோ. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். இவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் 20 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். எதிர்க்காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். நான் இன்ஜினுக்கு லீவு கொடுத்துவிட்டு, ஒரு பெரிய குண்டாத் தண்ணீரைப் பிரேக் ஷூ மேல் வைத்துக் கொதிக்க விட்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான், வண்டியுடையது இல்லை. இருந்தாலும் டிஸ்க் பிரேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டிக்கு மாறலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விற்கும் எல்லாப் புது பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம்.

தேடித் தேடிக் கடைசியில் இரண்டு நின்றன. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி. ஒன்று சென்னைப் பக்கத்து வண்டி, மற்றது ஓசூர் வண்டி. என்ஃபீல்டு என்று எழுதியிருந்தால் அப்பாவுக்கு எல்லாமே புல்லட்டுதான், எத்தனை முறை சொன்னாலும் ஹண்டர் என்ற பெயர் வாயில் வரவில்லை. அப்பாச்சிக்கு வேறு சிக்கல். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஈழத்து அக்கா பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. "அப்பாச்சியில ஏறியோ வேலைக்கு வரப்போறீர்?" எங்கள் பக்கம் அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. ஆக மொத்தத்தில் ஏதோ ஒரு கிழத்தின் தோளில் ஏறித்தான் மலைக்குப் போக வேண்டும்.

இரண்டையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதியபோது முதல் அதிர்ச்சி வந்தது. குதிரைத்திறன் இரண்டுக்கும் 20-ஐத் தாண்டிச் சில புள்ளிகள். கிட்டத்தட்ட ஒன்று. 349 சிசி உள்ள ஒன்றும் 198 சிசியைத் தொடாத ஒன்றும் ஒரே பலம் என்றால் எப்படி? எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாக வந்தால் சந்தோஷப்பட வேண்டும். இங்கே எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

விஷயம் எவ்வளவு என்பதில் இல்லை, எங்கே என்பதில் இருக்கிறது. ஹண்டர் தன் முழு பலத்தையும் நிமிடத்துக்கு 6,100 சுற்றில் தந்துவிடும். அப்பாச்சி 9,000 சுற்று வரை போக வேண்டும். டார்க் என்னும் சுழற்றும் விசையில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஹண்டருக்கு 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர். அப்பாச்சிக்கு 7,250 சுற்றில் 17.25. இதற்குக் காரணம் இன்ஜினின் உடல்வாகு. ஹண்டரின் சிலிண்டர் 72 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் 85.8 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அப்பாச்சியின் சிலிண்டர் 66 அகலம், பிஸ்டன் ஓடும் தூரம் 57.8 மட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. சின்னச் சுத்தியல் தட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும், டிக் டிக் டிக் என்று விடாமல். அப்பாச்சி அந்தச் சுத்தியல். ஹண்டர் உலக்கை. உலக்கையை யாரும் வேகமாகக் குத்தமாட்டார்கள், அவசியமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் செய்த வேலையை எடைபோட்டால் சமமாகக்கூட வரலாம். ஆனால் கைக்குத் தெரியும், எதைப் பிடித்திருக்கிறோம் என்று.

இந்த இடத்தில் அரசாங்கம் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22-இல் இருந்து 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீத வரி 18 ஆனது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40. 349 சிசி என்ற எண்ணின் அருமை அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்திருக்கும். பத்து சதவீதம் விலை குறைகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. அப்படி இல்லை. வரிக்கு முந்தைய விலை 1,20,000 என்று வைத்துக்கொண்டால், முன்பு 1,53,600, இப்போது 1,41,600. நாம் கொடுக்கும் பணத்தில் குறைவது 8 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. இதை வீட்டில் விளக்கியபோது அம்மா, "12,000 ரூவா கொறையுதா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். குறைகிறது.

ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 12 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்சும் கட்டாயம், அதில் 150 முதல் 350 சிசி வரை ஒரே பிரிவு. எனவே இரண்டு வண்டிக்கும் ஆன்ரோடு விலை தோளோடு தோள் உரசியது. மைலேஜும் மலைப்பாதையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஸ்பிளெண்டரோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் பெட்ரோலுக்குக் கூடும், எதை வாங்கினாலும். ஆக, என் கணக்கு நோட்டு கையை விரித்துவிட்டது.

ஊரில் ஏறி இறங்கிய ஷோரூம்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒன்றில் அப்பாவைப் பார்த்து "சாருக்குங்களா?" என்று கேட்டார்கள். "பொண்ணுக்கு" என்றார் அப்பா. உடனே என்னை ஸ்கூட்டர் நிற்கும் வரிசைக்கு அழைத்துப் போனார்கள். நான் பைக் பக்கம் திரும்பியதும், அதன் விவரம் முழுவதையும் அப்பாவிடமே சொன்னார்கள். அப்பா நல்ல மனுஷன், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலைங்க, அதுகிட்டச் சொல்லுங்க" என்றார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது நகரத்து மேம்பாலம் வரை. சமதளத்தில் நாலாவது கியர் போட்டு, யு டர்ன் எடுத்துத் திரும்பினால் தெரிவது சீட்டின் மெத்தை மட்டும்தான். எந்தப் புது வண்டிதான் ஐந்து நிமிடத்துக்கு நன்றாக இருக்காது?

நமக்கு வேண்டியது மலை. சித்தி மகன், என் தம்பி, ஹண்டர் வைத்திருக்கிறான், 2023-இல் வாங்கியது. அலுவலகத்தில் ஒரு அண்ணனிடம் அப்பாச்சி இருந்தது. கெஞ்சிக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கினேன். திட்டம் இதுதான். முதல் ஞாயிறு நான் ஹண்டரில் ஏறி அப்பாச்சியில் இறங்குவது. அடுத்த ஞாயிறு மாற்றி. தம்பி எப்போதும் மற்ற வண்டியில் பின்னால். கூலியாக அவனுக்கு இரண்டு வாரமும் மேலே காலைச் சாப்பாடு, இறங்கி வந்ததும் தட்டுவடை செட்.

முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரம். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஹண்டர் தன் குணத்தைக் காட்டிவிட்டது. மூன்றாவது கியரில் போய்க்கொண்டே இருக்கிறது. வளைவில் இரண்டாவது, வெளியே வந்ததும் மூன்றாவது, அவ்வளவுதான். கிளட்ச் பிடிக்க வேண்டிய வேலையே பாதியாகக் குறைந்துவிட்டது. ஸ்பிளெண்டர் மூச்சுத் திணறும் 15-ஆவது வளைவை, ஆக்சிலேட்டர் முறுக்கைக் கொஞ்சம் கூட்டியதோடு கடந்துவிட்டேன். இன்ஜின் சத்தம் தாழ்ந்த குரலில் ஒருவர் கதை சொல்வது மாதிரி இருந்தது. 60 அடி பாலம் வந்ததே தெரியவில்லை. மேலே ஏரிக்கரையில் நிறுத்தியபோது எனக்கு முடிவு எடுத்தாயிற்று என்றே தோன்றியது. தம்பியின் முகத்திலும் 'சொன்னேன்ல' என்று எழுதியிருந்தது.

இறங்கும்போது அப்பாச்சி. இது முற்றிலும் வேறு பிறவி. இரண்டாவது கியரில் இன்ஜின் கத்திக்கொண்டு பிடிக்கிறது. கத்தினால் தப்பில்லை, அதன் இயல்பே மேல் சுற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் வளைவில் வண்டியைத் திருப்பும்போது கை அதைத் தேடவே இல்லை. நினைத்த இடத்தில் இருக்கிறது. நிற்க வேண்டும் என்றால் நிற்கிறது. கீழே வந்தபோது தோள்பட்டை வலிக்கவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாச்சியில் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏறுவதில் ஹண்டருக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. வேகத்தில் இல்லை, சுகத்தில். ஒவ்வொரு வளைவுக்கும் கியர் குறைக்க வேண்டும், சுற்றை மேலே வைத்திருக்க வேண்டும், மறந்தால் அது நினைவூட்டும். காலையில் அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போகிறவளுக்கு இது தேவையா என்று கேட்டுக்கொண்டே ஏறினேன்.

பிறகு ஹண்டரில் இறக்கம். இன்ஜின் பிடிக்கும் பிடி அருமை. 349 சிசி, நீண்ட ஓட்டம் ஓடும் பிஸ்டன், முறுக்கை விட்டாலே யாரோ பின்னால் இருந்து முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் தணிகிறது. பிரேக்கைத் தொடாமலே மூன்று வளைவு இறங்கினேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று தம்பி சண்டைக்கு வருவான்.

9-ஆவது வளைவு வரை எல்லாம் சரியாக இருந்தது.

கொண்டை ஊசி வளைவைப் பற்றி மலையில் தினமும் ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும். அது அகலம், சரிவு குறைவு. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம். அங்கே ரோடு திடீரென்று செங்குத்தாகும், உள்பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தச் சாய்வு நமக்கு உதவி. நின்றுவிட்டால் இடது கால் ஊன்ற வேண்டிய தரை, இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் கீழே போயிருக்கும்.

எதிரே காய்கறி ஏற்றிய வேன் ஒன்று வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. அது செய்தது நியாயம்தான். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. நான் நின்றேன். இடது காலை ஊன்றப் போனேன். தரை இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன், ஷூவின் நுனி பட்டது. அதற்குள் வண்டி என் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. 181 கிலோ. முழங்காலும் இடுப்பும் தொடையும் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றேன், எத்தனை நொடி என்று தெரியவில்லை. தம்பி தன் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னால் பிடித்தான். வேன் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். வண்டி சாயவில்லை. அவன் வராவிட்டால் சாய்ந்திருக்கும்.

இதில் ஹண்டரின் குற்றம் எதுவும் இல்லை. அதன் சீட் உயரம் 790 மில்லிமீட்டர், அப்பாச்சியைவிட 10 மில்லிமீட்டர் குறைவுதான். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், என் காலின் நீளம் இவ்வளவுதான். ஐந்தடி எட்டு அங்குலம் இருக்கும் தம்பிக்கு அந்த இடத்தில் ஒன்றுமே ஆகியிருக்காது. ஆனால் அதே வளைவில், அதே மாதிரி, முந்தைய வாரம் அப்பாச்சியில் நான் நின்றிருக்கிறேன். ஒரு ஆம்னி வேனுக்காக. அப்போதும் ஷூவின் நுனிதான் பட்டது. வண்டி சாய்ந்தது, நிமிர்த்தினேன், கிளம்பினேன். நிகழ்ச்சியாகக்கூட மனதில் பதியவில்லை.

152 கிலோவுக்கும் 181 கிலோவுக்கும் 29 கிலோ வித்தியாசம். லீ பஜாரில் வாங்கும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. ஒரு சிப்பமும், மேலே நாலு கிலோவுக்குப் பருப்பும் உளுந்தும். தாளில் எழுதியபோது இது எனக்கு வெறும் ஒரு வரி. மற்ற வரிகளோடு கூட்டிக் கழித்துச் சமன் செய்துவிடலாம் என்று நினைத்தேன். ஓடும்போது அந்தச் சிப்பத்தை வண்டி சுமக்கிறது. நிற்கும்போது அதை நான் சுமக்க வேண்டும். மலைப்பாதையில் ஓடுவதைவிட நிற்பது கஷ்டம் என்பதை இரண்டு வருடம் ஸ்பிளெண்டரில் போய்வந்தும் நான் தெரிந்துகொள்ளவில்லை. அதற்குக் காரணமும் எடைதான், அது சுமார் 110 கிலோ. அதை நிறுத்துவது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

குண்டாக் கணக்கையும் மறுபடி போட்டேன். என்னோடு அப்பாச்சி இறங்கினால் எட்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். ஹண்டர் இறங்கினால் ஒன்பது. அந்த ஒரு லிட்டரை ஹண்டரின் இன்ஜின் சுலபமாக வாங்கிக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. நின்ற இடத்தில் சாயும் எடையை எந்த இன்ஜினும் வாங்கிக்கொள்ளாது.

மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் இரண்டு வண்டியின் பெயரையும் காதில் வாங்கவே இல்லை. "படுக்கப் போட்டுத் தூக்கிப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. கடைக்கு முன்னால் சர்வீசுக்கு வந்திருந்த ஒரு பெரிய வண்டியை, அதன் சொந்தக்காரர் இல்லாத நேரம் பார்த்து, பழைய டயர் மேல் மெதுவாகச் சாய்த்து வைத்தார். "தூக்கு." முதுகை வண்டிக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்பக்கக் கம்பி, காலால் தள்ளி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பாதி வரை எழுந்தது. மீதியை அவர் தூக்கினார். "மழையில, பனியில, ஆள் இல்லாத எடத்துல நீ மட்டுந்தான் இருப்ப" என்றார். அப்புறம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

ஆள் இல்லாத இடம் என்பது ஏற்காட்டுச் சாலையில் வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது, நவம்பர் மாலை ஐந்தரைக்கு மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டால் பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மழை ஓய்ந்து வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் வளைவுகளில் செம்மண் சேறு பூசியிருந்தது. அதில் ஸ்பிளெண்டரை ஒரு முறை கீழே போட்டு, ஒற்றையாகத் தூக்கியிருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று அப்பாச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், அம்மாவின் சந்தனப் பொட்டு எல்லாம் ஆயிற்று. பொட்டு ஹெட்லைட்டின் நடுவில் இன்னும் இருக்கிறது, துடைக்கக் கூடாதாம். அம்மா ஒரே ஒரு முறை பின்னால் உட்கார்ந்தார். முட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோவிலுக்குப் போக இன்னமும் ஸ்பிளெண்டர்தான்.

முதல் வாரம் என்னைப் படுத்தியது வேறொன்று. இதை யாருமே எச்சரிக்கவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். ஸ்பிளெண்டரில் கியர் எல்லாம் முன்பக்கம் அழுத்துவது. நியூட்ரலில் இருந்து அழுத்தினால் ஒன்று, மறுபடி அழுத்தினால் இரண்டு, மூன்று, நான்கு. புது வண்டியில் ஒன்று மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்குவது. புத்திக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. இரண்டு வருடம் பழகிய காலுக்குப் புரியவில்லை. கோரிமேட்டைத் தாண்டி மூன்றாவதில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது போடுவதாக நினைத்து அழுத்தினேன். வண்டி இரண்டாவதில் விழுந்து, இன்ஜின் அலறி, என் வயிறு ஹேண்டில்பாருக்கே வந்துவிட்டது. நல்லவேளையாக இந்த வண்டியின் கிளட்ச் அப்படிப்பட்ட நேரத்தில் கொஞ்சம் நழுவிக் கொடுக்கும் வகை, பின் சக்கரம் துள்ளவில்லை. அதன் பிறகு பத்து நாள் மலைக்குப் பஸ்சில் போனேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கன்னங்குறிச்சித் தெருக்களில் கியர் மட்டும் மாற்றிப் பழகினேன். பால்காரர் மூன்றாம் நாள், "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

இப்போது பழகிவிட்டது. பனி இறங்கிய மாலைகளில் ரெய்ன் மோடு போட்டுக்கொள்கிறேன், அதில் பலத்தைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறது. எனக்கு அந்த நேரத்தில் அது போதும். ஏறும்போது மட்டும், 15-ஆவது வளைவில் கியர் குறைத்து முறுக்கைத் திருகும் ஒவ்வொரு தடவையும், அந்தத் தாழ்ந்த குரல் நினைவுக்கு வருகிறது. ஒரு கை கிளட்ச்சில் சும்மா கிடக்க, கதை கேட்டுக்கொண்டே ஏறிய காலை.

போன வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, ஞாயித்துக்கிழம ஏற்காடு போலாமா? ஏறும்போது என் வண்டிய நீ எடுத்துக்கோ."

"எறங்கும்போது?"

"அதுலயே எறங்கு."

"ஏறுறதுக்குச் சரி" என்றேன். "எறங்க என் சாவிய என்கிட்ட குடுத்துரு."